ஒரே கோப்பிலிருந்து எழும் சர்வர்: தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. அதற்குச் சில வாரங்கள் முன்பே கட்டுரைப் போட்டி, மாறுவேடப் போட்டி, பட்டிமன்றம் என்று பதிவுப் பக்கங்கள் திறந்துவிடும். பல அமைப்புகளில் அவற்றைச் செய்துதருபவர் ஒரே ஒரு தொண்டூழியர். வேலை முடிந்து வீடு திரும்பி, இரவில் உட்கார்ந்து, கிளவுட் சேவையில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, ஜாங்கோ போன்ற வலைச்செயலிக் கட்டமைப்பை நிறுவி, கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தளத்தை ஓடவைத்துவிடுகிறார். பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. சர்வர் மட்டும் இங்கே தனியாக நிற்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, எதைத் தொட்டால் எது விழும் என்று தெரிந்தவர் யாரும் இல்லை. பயத்தில் யாரும் புதுப்பிப்பதும் இல்லை.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் வழிதான், செலவும் அதிகமாகாது. சர்வரைக் கட்டும் வேலை முழுவதையும் ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பிலிருந்து மட்டுமே சர்வரை எழுப்ப வேண்டும். உள்ளே புகுந்து கையால் திருத்தக் கூடாது. எதை மாற்ற வேண்டுமானாலும் கோப்பில் மாற்றிப் புதிய சர்வரை எழுப்பி, பழையதை அழித்துவிட வேண்டும். இதைச் செய்யும் முறையையும் வழியில் இடறும் இடங்களையும், தமிழ்த் தளங்களுக்கென்றே உள்ள சிக்கல்களையும் எழுதுகிறேன்.

நிகழ்ச்சி விவரமும் ஒரு கூகல் படிவமும் போதும் என்றால் சர்வரே வேண்டாம். உறுப்பினர் கணக்கு, கோப்புப் பதிவேற்றம், நடுவர்கள் மதிப்பெண் இடும் பக்கம் எல்லாம் வேண்டும் என்னும்போதுதான் ஜாங்கோவுக்கு வேலை. சில நூறு பேர் பதியும் தளத்துக்கு ஒரு சிபியு, 1 ஜிபி நினைவகம் உள்ள சிறிய சர்வர் போதும். மாதம் 6, 7 அமெரிக்க வெள்ளி அளவில் கிடைக்கும். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. அமேசான் ஈசி2 சர்வர் என்றால் பொது ஐபிவி4 முகவரிக்கு (இணையத்தில் சர்வரைக் காட்டும் எண்ணுக்கு) மணிக்கு 0.005 அமெரிக்க வெள்ளி தனி, அதாவது மாதம் ஏறத்தாழ 3.60. பொருளாளரிடம் இவற்றையெல்லாம் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பட்ஜெட் எச்சரிக்கை வைத்தால் மின்னஞ்சல்தான் வரும். சர்வர் தானாக நிற்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வட்டாரமாகச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இங்கே தரவு மையங்கள் இருக்கின்றன. அமேசானின் சிங்கப்பூர் வட்டாரம் 2010லேயே வந்துவிட்டது. இயங்குதளம் உபுண்டு 24.04. அதோடு பைதான் நிரல்மொழியின் 3.12ம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 16ம் பதிப்புகள் வருகின்றன. ஜாங்கோவில் நீண்டகால ஆதரவுள்ள 5.2ஐ எடுங்கள், 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 4.2க்கு 2026 ஏப்ரல் வரைதான்.

இனிக் கோப்பு. உபுண்டுவின் கிளவுட் படிமங்களில், அதாவது சர்வருக்கான ஆயத்த நகல்களில், கிளவுட்-இனிட் என்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது. சர்வரை உருவாக்கும் பக்கத்தில் "யூசர் டேட்டா" என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் ஒட்டும் கோப்பை, சர்வர் முதன்முதலாக எழும்போது கிளவுட்-இனிட் படித்து வேலைகளைச் செய்யும். முதல் முறை மட்டுந்தான். சர்வரை அணைத்து மீண்டும் போட்டால் கட்டும் வேலைகள் திரும்ப ஓடாது. இதை அறியாமல் கோப்பைத் திருத்திவிட்டு ரீபூட் செய்து "ஒன்றும் மாறவில்லையே" என்று தவிப்பவர்கள் உண்டு.

கோப்பின் முதல் வரி # குறியுடன் ஒட்டிய "கிளவுட்-கான்ஃபிக்" என்ற சொல்லாக, சிறிய எழுத்துகளில், சரியாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் கோப்பு கண்டுகொள்ளப்படாது. யாமல் வடிவம் என்பதால் வரிகளை உள்தள்ள டேப் கூடாது, இடைவெளிதான். ஈசி2வில் கோப்பு 16 கேபிக்குள் அடங்க வேண்டும். அதனால் செயலியின் நிரலை இணையத்தில் நிரல்களைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்து, கோப்பிலிருந்து அதை இறக்கச் சொல்லுங்கள்.

கோப்பில் நான்கு பகுதிகள் போதும். நிறுவ வேண்டிய மென்பொருள் பொதிகள், சர்வரில் எழுதப்பட வேண்டிய சிறு அமைப்புக் கோப்புகள், செயலியை ஓட்டும் தனிப் பயனர், கடைசியில் வரிசையாக ஓடும் கட்டளைகள். இந்த நான்கிலும் மூன்று இடங்களில் காலை வாரும். ஒன்று, கோப்புகளை எழுதும் படி பயனரை உருவாக்கும் படிக்கு முன்பே நடக்கிறது. ஆகவே இன்னும் பிறக்காத பயனரை உரிமையாளராகக் குறித்தால் அந்தப் படி தோற்கும். அக்கோப்புக்கு "டிஃபர்" என்பதை உண்மை என்று குறித்தால் கடைசிக்குத் தள்ளப்படும். இரண்டு, கட்டளைகள் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக ஓடுகின்றன. அவை உருவாக்கும் அடைவுகளும் ரூட்டுக்கே சொந்தமாகும். உரிமையை மாற்றாவிட்டால் தளம் திறக்கும், படம் பதிவேற்றினால் மட்டும் உடையும். மூன்று, நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் மற்றவை தொடர்ந்து ஓடும். கட்டளைகளின் தலைப்பிலேயே "பிழை வந்தால் நில்" என்று அவற்றை இயக்கும் ஷெல்லுக்குச் சொல்லிவிடுங்கள். என்ன நடந்தது என்பது "வார்" அடைவின் "லாக்" உள்ளடைவில் கிளவுட்-இனிட் அவுட்புட் என்ற பெயரில் பதிவாகியிருக்கும்.

கடவுச்சொற்களை இந்தக் கோப்பில் எழுதவே கூடாது. யூசர் டேட்டாவை 169.254.169.254 என்ற உள்முகவரியில் அந்தச் சர்வரில் ஓடும் எந்த நிரலும் படிக்க முடியும். தரவுத்தளத்துக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் செய்யலாம்: செயலியை ஓட்டும் லினக்ஸ் பயனர் பெயரையே போஸ்ட்கிரெஸ் பயனருக்கும் வைத்து, ஒரே சர்வருக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாக இணைந்தால் "பீர்" முறையில் அனுமதி கிடைக்கும். உள்நுழைவுகளைக் காக்கும் இரகசியச் சாவியான ஜாங்கோவின் சீக்ரெட் கீயைச் சர்வரே முதல் எழுச்சியில் உருவாக்கிக்கொள்ளட்டும். புதிய சர்வரில் சாவி மாறினால் எல்லாரும் மீண்டும் ஒருமுறை உள்நுழைய வேண்டும், அவ்வளவே. கையால் வைக்க வேண்டியது மின்னஞ்சல் சேவையின் சாவி ஒன்றுதான்.

பைதான் பொதிகளை உபுண்டுவில் நேரடியாகப் பிப் என்ற கருவி கொண்டு நிறுவ முயன்றால் இப்போது மறுத்துவிடும். தனி மெய்நிகர்ச் சூழல் வேண்டும். அதற்கான வென்வ் பொதியையும் பட்டியலில் சேருங்கள். ஒவ்வொரு பொதிக்கும் பதிப்பு எண்ணைக் கடைசி இலக்கம் வரை எழுதுங்கள். பதிப்பு எழுதாத பட்டியலில், ஓராண்டு கழித்து அதே கோப்பிலிருந்து எழுப்பும் சர்வர் வேறு சர்வராகத்தான் இருக்கும்.

1 ஜிபி நினைவகத்தோடு 2 ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் வட்டு இடம்) சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிறுவும் நடுவே "கில்ட்" என்ற ஒற்றைச் சொல்லோடு வேலை நின்றுபோகலாம். ஜாங்கோ செயலியை ஓட்டும் குனிகார்ன் நிரலுக்கு, சிபியு எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்டுவது வழக்கம். ஒரு சிபியுவுக்கு மூன்று பணியாளர்கள், அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் மூன்று உள்நிரல்கள். குனிகார்னை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டியில் பதிந்து, விழுந்தால் தானே எழும்படி வையுங்கள். செயலியை "ஹோம்" அடைவில் வைக்காதீர்கள். உபுண்டுவில் 21.04 பதிப்பு முதல் பயனரின் வீட்டு அடைவு மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை முதலில் வாங்கும் வலைச்சர்வரான என்ஜின்எக்ஸ் உள்ளே நுழைய முடியாமல், பக்கம் அலங்காரமின்றி எலும்புக்கூடாகத் தெரியும், படங்களுக்கு 403 வரும். "எஸ்ஆர்வி" அடைவு இதற்குத் தோதானது.

போஸ்ட்கிரெஸ் 15 முதல் ஒரு மாற்றம். தரவுத்தளத்தின் பொதுப் பகுதியான பப்ளிக் ஸ்கீமாவில் சாதாரணப் பயனர் அட்டவணை உருவாக்க முடியாது. பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்தால் அட்டவணைகளை உருவாக்கும் ஜாங்கோவின் மைக்ரேட் கட்டளை "பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்" என்று நிற்கும். தரவுத்தளத்தை உருவாக்கும்போதே செயலிப் பயனரை உரிமையாளராக்கினால் தீர்ந்தது. தீயரணில் 22 (நீங்கள் எஸ்எஸ்எச் வழி சர்வருக்குள் நுழைய), 80, 443 (வலைப் பக்கங்களுக்கு) ஆகிய போர்ட்களை மட்டும் திறந்துவையுங்கள். 22ஐ அனுமதிக்கும் வரி, தீயரணை இயக்கும் வரிக்கு முன்னால் வர வேண்டும். போஸ்ட்கிரெஸின் 5432 வெளியுலகுக்கு ஒருபோதும் திறக்கப்படக் கூடாது.

தளம் எழுந்ததும் வரும் பிழை எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை குறையும். 502 என்றால் என்ஜின்எக்ஸுக்கும் குனிகார்னுக்கும் இடையே துண்டிப்பு. என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" இருந்தால் குனிகார்ன் ஓடவில்லை, "பெர்மிஷன் டினைட்" என்றால் சாக்கெட்டின் அனுமதி, "நோ சச் ஃபைல்" என்றால் பாதை தவறு. 400 வந்தால், ஜாங்கோ ஏற்கும் தளப்பெயர்களின் பட்டியலான அலவ்ட் ஹோஸ்ட்ஸில் உங்கள் தளத்தின் பெயர் இல்லை. படிவத்தை அனுப்பும்போது மட்டும் 403 வந்தால், வெளியே எச்டிடிபிஎஸ் ஓடுவதை ஜாங்கோவிடம் என்ஜின்எக்ஸ் சொல்லவில்லை. எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ தலைப்பை அனுப்பி, ஜாங்கோவிலும் அதை நம்பும்படி அமைக்க வேண்டும். 413 என்றால் கோப்பு பெரிது: என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்காது, கைப்பேசியில் எடுத்த ஒரே படம் அதைத் தாண்டிவிடும். பிள்ளைகளின் ஓவியத்தைப் படம் பிடித்து அனுப்பும் போட்டிக்கு 10 எம்பி என்று வையுங்கள். இத்தனைக்கும் நடுவில், என்ன பிழை என்று பார்ப்பதற்காக ஜாங்கோவின் டிபக் அமைப்பைத் திறந்துவிட்டு மூட மறக்காதீர்கள். நிரலின் உட்புறம் முழுவதும் ஊருக்கே தெரியும்.

மின்னஞ்சல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே காரணத்திலிருந்து மூன்று குழப்பங்கள் கிளம்பும் இடம் அது. கிளவுட் நிறுவனங்கள் குப்பை அஞ்சலைத் தடுக்கப் போர்ட் 25ஐ இயல்பாகவே மூடிவைக்கின்றன. ஜாங்கோவின் இயல்பு அமைப்போ 25. காத்திருப்பதற்கு நேர வரம்பும் அதில் கிடையாது. ஒரு பெற்றோர் பதிவுப் படிவத்தை அனுப்புகிறார். பதிவு தரவுத்தளத்தில் சேர்ந்துவிடுகிறது. பதிவை உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அனுப்ப முயன்று குனிகார்னின் பணியாளர் காத்துக் கிடக்கிறார். 30 விநாடியில் குனிகார்ன் அவரைக் கொன்றுவிடுகிறது. பெற்றோர் பார்ப்பது 502. பதியவில்லை என்று எண்ணி மீண்டும் அனுப்புகிறார். இரட்டைப் பதிவு, இல்லாத மின்னஞ்சல், மூன்று பணியாளர்களும் மாட்டிக்கொண்டு தளமே உறைவது என்று மூன்றும் சேர்ந்து வரும். மின்னஞ்சலுக்குத் தனிச் சேவை ஒன்றைப் பிடித்து, அதன் வலை ஏபிஐ (நிரல்கள் பேசும் வழி) மூலம் அனுப்புங்கள். காத்திருப்புக்கு 5 அல்லது 10 விநாடி வரம்பு வையுங்கள். டொமைனில், அனுப்புநர் யார் என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் இல்லாவிட்டால் ஜிமெயில் திருப்பிவிடும்.

அடுத்து, பொதுவான வழிகாட்டிகளில் கிடைக்காதது: தமிழ்.

பெயர்ப் பட்டியல் அகர வரிசையில் வராது. உபுண்டுவின் கிளவுட் படிமத்தில் இயல்பு மொழியமைப்பு சி.யூடிஎஃப்-8. போஸ்ட்கிரெஸும் அதையே எடுத்துக்கொண்டு யூனிகோட் எண்வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ஜ என்பது சவுக்கும் ஞவுக்கும் இடையில். ன என்பது நவை ஒட்டி, பவுக்கு முன்னால். ற என்பது ரவை ஒட்டி. நம் பிள்ளைகள் வகுப்பில் படிக்கும் வரிசை அதுவல்ல. போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற பன்மொழி நூலகம் வழங்கும் தமிழ் கொலேஷன், அதாவது தமிழ் அகர வரிசை விதி, இருக்கிறது. ஜாங்கோவில் பெயர்ப் புலத்துக்கு டிபி கொலேஷனாக அதைக் குறித்தால் போதும், ஒரே வரி.

தேடினால் கிடைக்காத சொற்கள் அடுத்தது. "கொ" என்பதன் கொம்புக்கால் ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. விசைப்பலகையைப் பொறுத்து மாறும். சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் ஒரே வடிவமாகச் சீராக்கினால் இது போய்விடும். ஆனால் ஔவையார் பெயரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது. அதற்கு நீங்களே மாற்று விதி எழுத வேண்டும்.

பக்க முகவரிகள் மூன்றாவது. தலைப்பிலிருந்து முகவரி செய்யும் ஜாங்கோவின் ஸ்லக்கிஃபை தமிழ் எழுத்துகள் அனைத்தையும் நீக்கி வெற்றாக்கிவிடும். யூனிகோடை அனுமதித்தால் இன்னும் மோசம்: உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதாமல் உதிர்த்துவிடுகிறது. "தமிழ்" என்பது "தமழ" ஆகும். முகவரிக்கு வரிசை எண்ணைப் பயன்படுத்துங்கள்.

பங்கேற்புச் சான்றிதழைச் சர்வரிலேயே பிடிஎஃப் ஆக்குபவர்கள் தமிழ் எழுத்துருப் பொதியைக் கோப்பில் சேர்க்க மறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்கள்தான் வரும். எழுத்துரு இருந்தாலும், எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியாத நூலகமானால் கொம்பு இடம் மாறி நிற்கும். வீசிபிரிண்ட் என்ற நூலகம், எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த பேங்கோ வழியாக எழுதுவதால் சரியாக வரும். ஒரு குழந்தையின் பெயர் அதன் சான்றிதழில் உடைந்து நிற்கக் கூடாது, இதற்குச் செலவிடும் ஒரு மணி நேரம் வீணல்ல.

நேரத்தையும் கவனியுங்கள். சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும், நாம் 8 மணி நேரம் முன்னால். அதிகாலை 2 மணிக்கு என்று, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் எழுதிய காப்புநகல் வேலை இங்கே காலை 10 மணிக்கு ஓடும். ஜாங்கோவில் நேர வட்டாரத்தை ஏஷியா/சிங்கப்பூர் என்று குறிப்பிடாவிட்டால் இறுதி நாள் நள்ளிரவில் மூட வேண்டிய பதிவு மறுநாள் காலை 8 வரை திறந்திருக்கும்.

டொமைன் பெயர் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். .எஸ்ஜி பெயரைப் பதிந்தால் 21 நாளுக்குள் சிங்பாஸ் வழி உறுதிசெய்ய வேண்டும், இல்லையேல் முடக்கப்படும். தமிழிலேயே .சிங்கப்பூர் என்ற உயர்நிலைப் பெயர் 2011லிருந்து இருக்கிறது. தமிழ்ப் பெயர் வைத்தால் என்ஜின்எக்ஸிலும் அலவ்ட் ஹோஸ்ட்ஸிலும் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவமான பியூனிகோடை எழுதுங்கள். உலாவி அனுப்புவது அதைத்தான்.

எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் பெறப் போர்ட் 80 திறந்திருக்க வேண்டும், டொமைன் ஏற்கெனவே இந்தச் சர்வரைக் காட்ட வேண்டும். சர்வர் எழும் நொடியில் அது நடந்திருக்காது. ஆகவே சான்றிதழ் எடுப்பதை மட்டும் கடைசித் தனிப்படியாக வையுங்கள். இயல்பான சான்றிதழின் ஆயுள் 90 நாள். சர்ட்பாட் என்ற கருவி அதைத் தானே புதுப்பிக்கும். அது தவறினால் முன்பெல்லாம் வரும் நினைவூட்டல் மின்னஞ்சல் 2025 ஜூனோடு நிறுத்தப்பட்டுவிட்டது. காலாவதியைக் கவனிக்க வெளியிலிருந்து ஒரு கண்காணிப்புச் சேவை தேவை.

சட்டமும் உண்டு. அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றிக் கேட்பதற்கு 2019 செப்டம்பர் முதல் தடை. படிவத்தில் அந்தக் கட்டத்தையே வைக்காதீர்கள். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். போட்டி முடிந்து பரிசும் வழங்கிய பின் பிள்ளைகளின் பிறந்த தேதியும் கைப்பேசி எண்ணும் சர்வரில் கிடப்பதற்குக் காரணமே இல்லை.

கோப்பு சர்வரைத்தான் திருப்பித் தரும், தகவலைத் தராது. ஒவ்வோர் இரவும் பிஜி டம்ப் கட்டளையால் தரவுத்தளத்தின் நகலை எடுத்து, பதிவேற்றிய படங்களோடு சேர்த்து, வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். அதே கிளவுட் கணக்கில் எடுக்கும் ஸ்னாப்ஷாட் (வட்டின் நகல்) காப்புநகல் ஆகாது. கடன்பற்று அட்டை காலாவதியாகிக் கணக்கு முடங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். 2024 செப்டம்பர் 10ஆம் தேதி லோயாங்கில் ஒரு தரவு மையத்தில் லித்தியம்-அயான் மின்கலங்கள் தீப்பிடித்துக் கிளவுட் சேவைகள் தடைபட்டதும் நினைவிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருக்கிறதா என்பதை அறிய ஒரே சோதனைதான். ஆண்டுக்கு இரண்டு முறை, தளத்தைக் கட்டியவர் அல்லாத இன்னொரு தொண்டூழியர், கோப்பையும் நேற்றைய காப்புநகலையும் மட்டும் வைத்துக்கொண்டு புதிய சர்வரை எழுப்பட்டும். கட்டியவர் பக்கத்தில் உட்காரலாம், விசைப்பலகையைத் தொடக் கூடாது. உள்நுழைவு, ஒரு தமிழ்த் தேடல், ஒரு படப் பதிவேற்றம், ஒரு மின்னஞ்சல் ஆகிய நான்கும் வேலை செய்தால் நிரந்தர ஐபி முகவரியைப் புதியதற்கு மாற்றிவிடலாம். அப்போது எஸ்எஸ்எச் "சர்வரின் அடையாளம் மாறிவிட்டது" என்று பெரிதாக எச்சரிக்கும். நீங்களே மாற்றியதால் பழைய அடையாளத்தை நீக்கிவிட்டுத் தொடரலாம். பயிற்சிக்குத் தனி உள்டொமைனையும் லெட்ஸ் என்கிரிப்டின் ஸ்டேஜிங் எனும் சோதனைத் தளத்தையும் பயன்படுத்துங்கள். ஒரே பெயருக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் தருவார்கள், பயிற்சியில் அது தீர்ந்துவிட்டால் உண்மைத் தளத்துக்குக் கிடைக்காது. எங்கே தடுக்கியதோ அதை அன்றே கோப்பில் எழுதுங்கள். பழைய சர்வரை ஒரு வாரம் வைத்திருந்து பிறகு அழித்துவிடுங்கள். அணைத்துவைத்தால் போதாது, சில நிறுவனங்களில் முழு வாடகையும், மற்றவற்றில் வட்டுக்கும் முகவரிக்குமான கட்டணமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இப்படிக்கு,
இணையத்தளப் பராமரிப்பில் உள்ள ஒரு வாசகர்,
ஈசூன்